தருமபுரி பக்கம் சமுதாயக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கல்லூரி வழிகாட்டல் மையம் தொடங்கினால் எதில் முதலில் கவனம் வைக்க வேண்டும்?

சான்றிதழ்களில். ஊக்கப் பேச்சுக்கு ஆள் கூப்பிடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பென்னாகரம், அரூர், அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கிற ஆசை நிறையவே இருக்கிறது. மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள். மே மாதம் ஒரு காகிதம் வராமல் சீட்டோ சலுகையோ போய்விடும். அதுதான் வயிறெரியும் விஷயம்.

பிளஸ் ஒன்னிலேயே ஆளுக்கொரு பைல் போடுங்கள். முதலில் பெயரைப் பாருங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வேறொன்று, பாஸ்புக்கில் பெயரே பாதி என்று இருக்கும். மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு. அதனால் அதையே அடிப்படையாக வைத்து ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது போன் நம்பர். இ-சேவை மையத்தில் பிள்ளை நிற்கும், ஓ.டி.பி. பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் அப்பாவின் சட்டைப் பைக்குப் போகும். அவர் சாரத்தின் மேல் இருப்பார். கீழே இறங்கி, போனை எடுத்து, நம்பரை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து. பிள்ளையின் ஆதாரில் வீட்டில் இருக்கிற போன் நம்பரைச் சேர்த்துவிடுங்கள். அப்பாவின் ஓ.டி.பி.யோ கையெழுத்தோ தேவைப்படும் வேலைகளைப் பொங்கலுக்கு அவர் ஊருக்கு வரும் வாரத்தில் முடித்துவிட வேண்டும்.

சாதிச் சான்றிதழ், வீட்டில் முதலில் பட்டம் படிக்கப் போகிறவருக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டும் டிசம்பருக்குள் கையில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் இ-சேவைக் கட்டணம் 60 ரூபாய். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும், அதனால் அதை ஏப்ரலில் எடுங்கள். ரொம்ப முன்னாடி எடுத்தால் ஸ்காலர்ஷிப் நேரத்தில் காலாவதியாகிவிடும். ரிசல்ட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதே நேரத்தில்தான் ஜமாபந்தி, அதாவது கிராம வருவாய்க் கணக்குத் தணிக்கை, வரும். வி.ஏ.ஓ. தாலுகா ஆபீசில்தான் இருப்பார். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களின் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இன்னும் முன்னதாகத் தொடங்குங்கள். எஸ்.டி. சான்றிதழ் தாசில்தார் அளவில் முடியாது, வருவாய் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) வரை போக வேண்டும்.

இந்த மாவட்டங்களில் அதிகம் கோட்டை விடுவது, இன்ஜினியரிங், மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீட்டில். 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அப்பா அம்மாவோடு பெங்களூர் போய் ஏழாம் வகுப்பை மட்டும் அங்கே படித்த பிள்ளைக்கு இது கிடைக்காது. இதை மே மாதம் கண்டுபிடித்தால் அந்தப் பிள்ளை உடைந்துபோகும். பிளஸ் ஒன்னிலேயே டி.சி.க்களை எடுத்து வருடவாரியாகச் சரிபாருங்கள். இன்னும் நல்லது, ஆறாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோரிடம் இப்போதே சொல்லிவைப்பது.

இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் 200க்கு. கணக்கு முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதியாக. 82, 70, 74 என்றால் 82 + 35 + 37, ஆக 154. சாய்ஸ் கொடுக்கும்போது பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரியை முதலிலும் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியை மூன்றாவதாகவும் போடுவார்கள். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்க்கும், முதலில் காலியாக இருப்பதைக் கொடுத்து நிறுத்திவிடும். பர்கூரில் இடம் இருந்தாலும் வராது. போன வருட கட்-ஆஃபை வைத்துக்கொண்டு, உண்மையில் வேண்டும் என்கிற வரிசையில் தாளில் எழுதி, பெற்றோரிடம் படித்துக்காட்டிவிட்டுப் பிறகு டைப் செய்யுங்கள். எல்லாருக்கும் இன்ஜினியரிங் வேண்டாம். அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும்தான், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். எல்லாப் பிள்ளைகளையும் இதற்குப் போட வையுங்கள்.

பணம் வரும் வழியையும் திறந்துவைக்க வேண்டும். கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் ஆதார் சீடிங் ஆன, அதாவது அரசுப் பணம் வந்து சேர ஆதார் எண்ணோடு இணைத்த, கணக்குக்குத்தான் போகும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்ததும் சீடிங் ஆனதும் ஒன்றல்ல. ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி காட்டுகிறது என்று பாருங்கள். ஒன்றும் காட்டாவிட்டால் அஞ்சலகத்தின் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்குவது சுலபம்.

"ஓசூர் கம்பெனிக்குப் போனா இந்த மாசமே சம்பளம் வருமே" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதட்டாதீர்கள். உட்கார வைத்துக் கணக்குப் போடுங்கள். அரசுக் கல்லூரிக் கட்டணம், இலவச பஸ் பாஸ், அந்த ஆயிரம், விடுதி. சமூகநீதி விடுதி என்று இப்போது பெயர் மாறியிருக்கும் அரசு விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் பணம் இல்லை. உடனே சம்பாதித்தே ஆக வேண்டிய வீடு என்றால் அரசு ஐ.டி.ஐ.யைக் காட்டுங்கள். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அப்ரண்டிஸ் முடித்து அதே ஓசூருக்குள் தொழில் தெரிந்தவனாகப் போகலாம்.

ரிசல்ட் வந்த வாரமே "சீட் ஃப்ரீ" என்று ஏஜென்ட்கள் கிளம்பிவிடுவார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5-ம் கிடையாது, இதைப் பெரிய எழுத்தில் மையத்துச் சுவரில் ஒட்டுங்கள். அசல் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் அவர்களிடம் கொடுத்த பிள்ளை, வேறு சீட் கிடைத்தாலும் போய்ச் சேர முடியாமல் நிற்கும். மையத்திலும் அசலை வாங்கி வைக்காதீர்கள். ஸ்கேன் செய்துவிட்டு அப்போதே கையில் கொடுத்துவிடுங்கள்.