"அவசரம் கருதி" என்று வரும் கோப்பு

வாசகர் கேள்வி – பதில்

(பொதுப்பணம் பற்றிய உங்கள் கேள்விகளுக்குத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நமது பத்தியாளர் பதில் சொல்கிறார். இந்த இதழில் விளையாட்டும் சுற்றுலாவும்.)

கேள்வி: 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்ததில் எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா மட்டும் "டெல்லி மாதிரி ஆகாமல் இருந்தால் சரி" என்கிறார். 2010-ல் எனக்கு விவரம் தெரியாத வயது. டெல்லியில் அப்படி என்னதான் நடந்தது?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: அப்பாவின் கவலை நியாயமானது. அவர் மறக்காமல் இருப்பது நல்லது.

2003 மே மாதம் போட்டியை நடத்த விண்ணப்பித்தபோது காட்டிய மதிப்பீடு சுமார் 1,200 கோடி ரூபாய். மத்திய அரசு, டெல்லி அரசு, மற்ற அரசு அமைப்புகள் எல்லாம் சேர்ந்து கடைசியில் ஆன செலவு 18,532 கோடி என்று சிஏஜி, அதாவது நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், தன் அறிக்கையில் கணக்கிட்டது. மெட்ரோவும் விமான நிலையமும் இதில் சேரவில்லை. பத்திரிகைகள் இந்தத் தொகையைப் பெரிதாகப் போட்டன. அறிக்கையைப் படித்தபோது என்னை உறுத்தியது வேறு ஒரு விஷயம்.

ஜமைக்காவின் மான்டிகோ பே நகரில் 2003 நவம்பரில் போட்டி நமக்குக் கிடைத்தது. கையில் ஏழு வருடம். அதில் 2006 நடுப்பகுதி வரை உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. யார் பொறுப்பு, ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் யார், பணம் யார் கையில் என்பதிலேயே காலம் போய்விட்டது. அதன் பிறகு எல்லாமே அவசரமாகிவிட்டது. அவசரம் என்றால் டெண்டருக்கு நேரமில்லை, விலையை ஒப்பிட நேரமில்லை, ஒரே ஒரு நிறுவனம் வந்தாலும் வேலையைக் கொடுத்தாக வேண்டும். வழக்கமான விதிகளைத் தாண்டிப் போக இந்த அவசரமே காரணமாகக் காட்டப்பட்டது என்று சிஏஜி எழுதியது. நேரம், மதிப்பெண், முடிவு காட்டும் கருவிகளுக்கான ஒப்பந்தம் மட்டும் 141 கோடி. பின்னால் சிபிஐ வழக்கு வரை போனது அதுதான். தெருவிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விளக்குகள் இருக்கும்போது வெளிநாட்டு விளக்குகளை வாங்கிப் போட்டதில் சுமார் 31 கோடி தவிர்த்திருக்கக் கூடிய செலவு என்று அறிக்கை சொன்னது.

யாரும் எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. போட்டிக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னால், 2009 ஜூலையிலேயே, ஏற்பாடுகள் பின்தங்கி நிற்கின்றன என்று சிஏஜி ஒரு தனி அறிக்கை கொடுத்தது. கேட்டிருந்தால் கொஞ்சமாவது சரிசெய்திருக்கலாம். 2010 செப்டம்பர் 21 அன்று, தொடக்க விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நிலையில், ஜவாஹர்லால் நேரு மைதானத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் சரிந்து தொழிலாளர்கள் காயப்பட்டார்கள்.

எங்கள் தணிக்கைக் குழுக்கள் ஒரு அலுவலகத்துக்குப் போனால், "அவசரம் கருதி" என்று குறிப்பு எழுதிய கோப்புகளைத்தான் முதலில் கேட்போம். வெள்ளமோ புயலோ வந்திருந்தால் அந்த வார்த்தைக்கு மரியாதை உண்டு. தேதி தெரிந்த ஒரு விழாவுக்கு அவசரம் எப்படி வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் கோப்பு எங்கோ ஒரு மேசையில் மாதக்கணக்கில் தூங்கியிருக்கும். அகமதாபாத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. 2036 ஒலிம்பிக்கும் வேண்டும் என்று இந்தியா கேட்கிறது. எந்த மைதானத்துக்கு எவ்வளவு, யார் பொறுப்பு, போட்டி முடிந்த பிறகு அதை யார் பராமரிப்பார்கள் என்று இப்போதே கேளுங்கள். 2029-ல் கேட்டால் நேரமில்லை என்ற பதில்தான் வரும்.

கேள்வி: இத்தனை கோடி போனதே, கடைசியில் யாருக்காவது தண்டனை உண்டா? சிஏஜி என்பது பல் இல்லாத புலிதானே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு வேலைகளை நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தணிக்கை என்பது பணம் விதிப்படி செலவானதா, சிக்கனமாகச் செலவானதா, பலன் கிடைத்ததா என்று பார்ப்பது. குற்றம் நடந்ததா என்பது காவல்துறை, சிபிஐ, நீதிமன்றம் பார்க்க வேண்டியது. ஏற்பாட்டுக் குழுத் தலைவராக இருந்த சுரேஷ் கல்மாடி 2011 ஏப்ரலில் கைதானார். அடுத்த ஆண்டு ஜாமீனில் வந்தார். சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கில் ஆதாரம் இல்லை என்று அமலாக்கத் துறை கொடுத்த முடிவறிக்கையை 2025 ஏப்ரலில் டெல்லி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதனால் வீண்செலவு நடக்கவே இல்லை என்று ஆகாது. வீண்செலவு என்று சிஏஜி சொன்னதாலேயே ஒருவர் திருடர் என்றும் ஆகாது. இரண்டையும் மனதில் வைத்துக்கொள்வதுதான் நேர்மை.

சிஏஜி அறிக்கை குடியரசுத் தலைவருக்கோ ஆளுநருக்கோ போய், நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வைக்கப்படும். அதன் பிறகு பொதுக் கணக்குக் குழு எடுத்துக்கொள்ளும். மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருப்பது மரபு. அறிக்கையில் உள்ள ஒவ்வொரு பத்திக்கும் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அமைச்சகம் நான்கு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பல் அங்கேதான் இருக்க வேண்டும். குழு எல்லாப் பத்திகளையும் எடுத்துப் பேசுவதில்லை என்பதுதான் என் நீண்ட நாள் மனக்குறை. உங்கள் தொகுதி எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார், கூட்டத்துக்குப் போகிறாரா என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கடற்கரையில் சுற்றுலா மேம்பாடு என்று கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் கட்டினார்கள். பணி முடிந்தது என்று பலகையும் வைத்தார்கள். கட்டிய நாளிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. வரும் பெண்கள் படும் பாட்டைச் சொல்லி முடியாது. இதையெல்லாம் தணிக்கையில் பார்க்க மாட்டார்களா?
– இல்லத்தரசி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: பார்ப்பார்கள் அம்மா. நானே பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர் இல்லை, வேறு ஒரு கடற்கரை ஊர்.

அலுவலகத்தில் காகிதங்கள் எல்லாம் பக்காவாக இருந்தன. நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், பணி ஆணை, எம் புக், பயன்பாட்டுச் சான்று என்கிற யூ.சி. எம் புக் என்பது அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் சுவர், எத்தனை சதுர மீட்டர் டைல்ஸ் என்று பொறியாளர் நேரில் அளந்து எழுதிக் கையெழுத்துப் போடும் புத்தகம். அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும். துறை அலுவலரையும் அழைத்துக்கொண்டு டேப்போடு போனோம். அளந்தால் எல்லாம் சரி. டைல்ஸ் சரி, கதவு சரி, கண்ணாடிகூட இருந்தது. குழாயைத் திறந்தால் காற்று. ஆழ்துளைக் கிணறு போட்டிருந்தார்கள், வந்தது உப்புத் தண்ணீர், அப்படியே விட்டுவிட்டார்கள். மின் இணைப்புக்கு மதிப்பீட்டிலேயே பணம் ஒதுக்கவில்லை. சாவி எங்கே என்று கேட்டால், துறை ஊராட்சியைக் காட்டியது. எங்களிடம் யாரும் ஒப்படைக்கவே இல்லை என்றது ஊராட்சி. ஒரு அறையில் மீனவர்கள் வலை வைத்திருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யாரும் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை, ஆனாலும் மொத்தப் பணமும் வீண். ஏன் இப்படி ஆனது என்று கோப்பைப் புரட்டினால், மார்ச் 31-க்குள் நிதியை வாங்கியாக வேண்டும் என்று திட்ட அறிக்கையை அவசரமாகத் தயாரித்திருந்தார்கள். நல்ல தண்ணீர் கிடைக்குமா என்று பார்க்க நேரம் இல்லை. மேலே மாணவிக்குச் சொன்ன அதே வியாதிதான்.

ஹாஃப் மார்ஜின் என்று ஒன்று எழுதுவோம்: பாதிப் பக்கத்தில் எங்கள் கேள்வி, மறுபாதி அவர்கள் பதிலுக்காகக் காலியாக இருக்கும். "விரைவில் பயன்பாட்டுக்குக் கொண்டுவரப்படும்" என்று அதில் பதில் வந்தது. அந்தப் பதிலை ஏற்காமல் தணிக்கைத் தடையாக, அதாவது தணிக்கையின் ஆட்சேபமாக, எழுதினோம்.

நாடு முழுக்க இப்படித்தானா என்று நீங்கள் கேட்கலாம். 2014-15-ல் தொடங்கிய மத்திய அரசின் சுதேசி தர்ஷன் திட்டத்தில் 76 பணிகளுக்குச் சுமார் 5,300 கோடி ஒதுக்கினார்கள். சென்னை, மாமல்லபுரம், ராமேஸ்வரம், மணப்பாடு, கன்னியாகுமரி கடற்கரைகளும் அதில் ஒரு பணியாகச் சேர்ந்தன. அந்தத் திட்டத்தைப் பற்றிய சிஏஜி அறிக்கை 2023 ஆகஸ்டில் வந்தது. தொடங்கும் முன் சாத்தியக்கூறு ஆய்வு செய்யவில்லை, பணிகள் தாமதம் என்று அதில் இருக்கிறது. அயோத்தியில் மட்டும் ஒப்பந்ததாரர்களுக்கு 19.73 கோடி முறையற்ற சலுகை கிடைத்தது என்றும் இருக்கிறது. நீங்கள் அந்தப் பூட்டைத் தேதியோடு போட்டோ எடுத்து, மாவட்ட ஆட்சியருக்கும் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள ஏஜி (மாநிலக் கணக்காயர்) அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். எந்த இடத்தைத் தணிக்கைக்கு எடுப்பது என்று முடிவு செய்யும்போது இப்படி வரும் கடிதங்கள் கண்டிப்பாக உதவும்.

கேள்வி: அப்படியானால் 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட்டை நான்கே மாதத்தில் நடத்தினார்களே, அதுவும் தவறா?
– செஸ் பயிற்சியாளர், சென்னை

பதில்: இல்லை. ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி, உக்ரைன் போரால் அங்கிருந்து விலகியது. 2022 மார்ச்சில் நமக்கு வந்தது, ஜூலை 28-ல் தொடங்கிவிட்டது. அது வெளியிலிருந்து வந்த அவசரம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 தன் 16-வது பிரிவில் டெண்டர் விதிகளிலிருந்து சில விதிவிலக்குகளையும் வைத்திருக்கிறது. விதிவிலக்கை எடுத்துக்கொண்டால் காரணத்தை எழுத்தில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: கிரிக்கெட் சபையின் கணக்கைக் கேட்டதால் 2023-ல் இலங்கையை ஐசிசி இடைநிறுத்தியது. அப்படியென்றால் விளையாட்டு அமைப்புகளை அரசாங்கம் கேள்வியே கேட்கக் கூடாதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அங்கே சிக்கல் வந்தது கேள்வியால் இல்லை. உலகக் கோப்பையில் இந்தியாவிடம் 55 ரன்னுக்குச் சுருண்ட சில நாட்களில், நவம்பர் 6 அன்று அப்போதைய விளையாட்டு அமைச்சர் சபையையே கலைத்து, அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாளே நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 10-ஆம் தேதி ஐசிசியின் இடைநிறுத்தம் வந்தது. 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. மாதக் கடைசிக்குள் அமைச்சரும் பதவி இழந்தார். 2024 ஜனவரியில் ஐசிசியின் இடைநிறுத்தம் நீங்கியது.

கணக்காய்வாளர் தலைமை அதிபதி கணக்கைப் பார்ப்பதும், கோப் குழு (அரசு நிறுவனங்களைக் கண்காணிக்கும் இலங்கை நாடாளுமன்றக் குழு) அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதும் மேற்பார்வை. அந்தப் பாதை மெதுவானது, பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அதை விட்டுவிட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டதில் கணக்கு பற்றிய பேச்சு பின்னுக்குப் போய், தலையீடு பற்றிய பேச்சே எங்கும் நிறைந்தது. கணக்குக் கேட்டவர்களுக்குத்தான் இதில் நஷ்டம்.

கேள்வி: நம் பிசிசிஐயிடம் ஆர்டிஐ போட முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தின்படி, அரசு நிதி வாங்கும் விளையாட்டு அமைப்புகள் மட்டும்தான் ஆர்டிஐக்குள் வரும். பிசிசிஐ அரசு நிதி வாங்குவதில்லை. நாட்டின் பெயரில் ஆடும் அணியைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கருத்து. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

கேள்வி: எங்கள் ஊராட்சிக்கு வந்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பை அலுவலக பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பசங்க கேட்டால் "தொலைந்து போனால் யார் பொறுப்பு" என்கிறார்கள். என்ன செய்வது?
– இளைஞர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: தொலைந்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் இது. கெட்ட எண்ணம் என்று நினைக்காதீர்கள், முதலில் பயத்தைப் போக்குங்கள். இருப்புப் பதிவேட்டில் பொருளை ஏற்றி, வழங்கும் பதிவேட்டில் வாங்குபவரின் கையெழுத்தை வாங்கிக் கொடுத்தால் போதும். ஆடி ஆடிப் பந்து கிழிந்தால், கழிவு செய்வதற்கு முறை இருக்கிறது. விளையாடித் தேய்ந்த பந்துக்கு எந்தத் தணிக்கையாளரும் தடை எழுத மாட்டார். பீரோவில் கிடந்து வீணான பந்துக்கு நான் எழுதுவேன்.

அப்படியும் கொடுக்கவில்லை என்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் உங்களுக்கு உரிமை உள்ள நாட்கள். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அதுவும் பலிக்கவில்லையா, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஆர்டிஐ மனு கொடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் "ஏன் கொடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். இருப்புப் பதிவேட்டின் நகல், வழங்கும் பதிவேட்டின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சட்டத்தின் 2(ஞ) பிரிவின்படி பதிவேட்டை நேரில் பார்வையிடவும் கேட்கலாம். பார்வையிடும் நாளில் உங்கள் அணியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.