கேஸா, கரண்டா? டெல்டா சமையலறைக் கேள்விகளுக்கு ஒரு மெக்கானிக்கின் பதில்கள்

மன்னார்குடியில் 26 வருடமாக கேஸ் அடுப்பு பழுது பார்க்கிறேன். வீட்டு வயரிங் அதற்கும் முன்னால் கற்றது. இப்போது கடைக்கு வருகிறதில் பாதி இண்டக்‌ஷன் அடுப்பு. ஆக, கேஸும் எனக்குச் சோறு போடுகிறது, கரண்டும் போடுகிறது. எந்தப் பக்கமும் சாய வேண்டிய அவசியமில்லை. "சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுக்கக் கரண்ட் அடுப்புக்கு மாறலாமா?" என்று பல ஊர்களிலிருந்தும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கும்பகோணம்: அண்ணே, நாங்கள் நாலு பேர். ஒரு சிலிண்டர் 42, 43 நாள் வருகிறது. இண்டக்‌ஷனில் சமைத்தால் மிச்சமாகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர், பில் எகிறிவிடும் என்கிறார் என் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் அக்கா. உங்கள் வீட்டு மீட்டர் இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் இது.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். அதன் சூட்டில் 60 சதவீதம் போலத்தான் பாத்திரத்துக்குப் போகிறது, மீதி சமையலறையைச் சூடாக்குகிறது. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் வரை பாத்திரத்துக்கே போகும். இதை வைத்துப் பார்த்தால் ஒரு சிலிண்டர் செய்கிற வேலைக்கு ஏறத்தாழ 130 யூனிட் வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 1.4 சிலிண்டர், அதாவது 180 யூனிட் சொச்சம் கூடும்.

இனி பில்லுக்கு வருவோம். 2022 செப்டம்பரில் மாற்றிய அட்டவணையை எடுத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் கணக்கின் போக்கு அதேதான். முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஆனால் 500ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகை போய்விடும். 101லிருந்தே 4.50 என்று போட்டு, 501க்கு மேல் 8, 9 என்று ஏறும்.

இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடுகிற வீடு 360க்குப் போனால் கூடுதல் செலவு 765 ரூபாய். 1.4 சிலிண்டருக்கு, 2025 ஏப்ரலில் சென்னையில் இருந்த 868.50 ரூபாய் விலைப்படி, 1,200 ரூபாய்க்கு மேல் ஆகும். இண்டக்‌ஷன் லாபம், பக்கத்து வீட்டுக்காரர் ஜெயித்தார். அதுவே ஏ.சி. ஓடி 420 யூனிட்டில் நிற்கிற வீடு என்றால் 600க்குப் போகும். பில் 1,245லிருந்து 2,750 ஆகிவிடும், கூடுதல் 1,505. இங்கே உங்கள் வீட்டுக்காரர் ஜெயிக்கிறார்.

கடைசி மூன்று பில்லையும் எடுத்து வைத்துப் பாருங்கள். 300க்குக் கீழே என்றால் தைரியமாக மாறலாம். 400ஐத் தொடுகிற வீடு என்றால் காபி, பால், வெந்நீர், குக்கர் சோறு மட்டும் கரண்டில் வையுங்கள், 500க்குள்ளேயே நிற்கலாம்.

திருத்துறைப்பூண்டி: அடுப்பு வாங்கி இரண்டே மாதம். பிளக் கருகிவிட்டது. மட்டமான அடுப்பை என் தலையில் கட்டிவிட்டார்களா சார்?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன் தம்பி. அடுப்பின் மேல் குற்றமில்லை. 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குப் பக்கமாக இழுக்கும். நீங்கள் செருகியிருப்பது மிக்சிக்குப் போட்ட 6 ஆம்பியர் சின்ன பிளக்கில், அதுவும் நடுவில் ஒரு பின் மாற்றியை வைத்து. போன மாதம் கூத்தாநல்லூர் பக்கம் ஒரு வீட்டில் இதே கதை. வெள்ளை சுவிட்ச் பெட்டி ஓரத்தில் டீக்கறை மாதிரி பழுப்பு ஏறியிருந்தது. "ஒரு வாரமாக மீன் நாற்றம் வருகிறது, பூனை எதையாவது கொண்டுவந்து போட்டிருக்குமோ என்று தேடினோம்" என்றார் அந்த அம்மா. பெட்டியைக் கழற்றினால் உள்ளே வயரின் மேல் தோல் உருகிப் பித்தளை முனையோடு ஒட்டிக்கிடக்கிறது. பிளாஸ்டிக் சூடேறுகிற வாடைதான் அது.

அடுப்பு வாங்குவதற்கு முன்னால் சமையல் மேடையில் 16 ஆம்பியர் பவர் பிளக் ஒன்று போடுங்கள். மெயின் போர்டிலிருந்து அதற்கென்று தனி வயர் வரவேண்டும். நான் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிதான் போடுவேன், அதற்குத் தனி எம்.சி.பி.யும் (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) உண்டு. எர்த் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் கம்பி கொல்லைப்புறம் வரை போகும், அங்கே மண்ணுக்குள் குழாய் துருப்பிடித்து இற்றுப்போயிருக்கும். ஈரக்காலோடு நின்று ஸ்டீல் பாத்திரத்தைத் தொடுகிற இடம் சமையலறை. இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

இன்னொன்று, குறுவை நாற்றங்கால் சமயத்தில் பம்புசெட்டெல்லாம் ஓடும்போது சில கிராமங்களில் வோல்டேஜ் 180க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அப்போது அடுப்பு கீச்கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். அது பழுதல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

பாபநாசம்: ஈயச்சொம்பு ரசம் இல்லாமல் எங்கள் மாமனாருக்குச் சாப்பாடு இறங்காது. இண்டக்‌ஷனில் வைக்கலாமா?

வைத்தாலும் சுடாது. இண்டக்‌ஷன், காந்தம் ஒட்டுகிற அடிப்பாகத்தை மட்டும்தான் சூடாக்கும். ஈயம், பித்தளை, வெண்கலம், அலுமினியம், மண்சட்டி எதுவும் ஆகாது. நாச்சியார்கோயிலில் வாங்கிய வெண்கலப் பானையையும் பரணில் ஏற்ற வேண்டியதுதான். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரமாக அடியில் வைத்துப் பாருங்கள். இரும்பு தோசைக்கல்லில் கப்பென்று பிடிக்கும். ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும், குழிந்த கல்லும் உருண்டை வாணலியும் சரிப்படாது.

இன்ஃப்ராரெட் அடுப்பில் எந்தப் பாத்திரமும் வைக்கலாமே என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான், ஆனால் ஈயச்சொம்பை அதில் வைக்காதீர்கள். ஈயச்சொம்பு என்கிறோமே தவிர அது தகரம் (வெள்ளீயம்), 232 டிகிரியில் உருகிவிடும். கேஸிலேயே ரசத்தை ஊற்றிவிட்டுத்தானே பற்றவைக்கிறோம்? இன்ஃப்ராரெட் தட்டு அணைத்த பிறகும் கனன்றுகொண்டிருக்கும், சொம்பின் அடி போய்விடும். மாமனாருக்காக ஒரு கேஸ் பர்னர் இருக்கட்டும்.

தஞ்சாவூர்: கேஸ் அடுப்பால் குழந்தைகளுக்கு ஆஸ்துமா வரும் என்று அமெரிக்காவில் பெரிய சண்டையே நடந்ததாமே?

நடந்தது. கலிபோர்னியாவில் பெர்க்லி நகரம் 2019இல் புதுக் கட்டடங்களுக்கு கேஸ் குழாய் கூடாது என்று விதி போட்டது; 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. 2022 கடைசியில் ஓர் ஆய்வு, அந்நாட்டுக் குழந்தைகளின் ஆஸ்துமாவில் 12.7 சதவீதத்துக்கு கேஸ் அடுப்பைக் காரணம் காட்டியது. வீடு வீடாகப் போய் அளந்த கணக்கல்ல அது, முந்தைய ஆய்வுகளை வைத்துப் போட்டது. அதனால் வாதம் இன்னும் ஓயவில்லை.

அவர்கள் எரிப்பது குழாயில் வரும் மீத்தேன். நாம் எரிப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஆனால் எந்த நீலச் சுடரானாலும் அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன் எரிந்து நைட்ரஜன் டை ஆக்சைடு கொஞ்சம் உண்டாகும், அது மூச்சுக்குழலுக்கு ஆகாது. வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் கரண்டுக்கு மாற இது நியாயமான காரணம். மாற முடியாவிட்டால் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தாளிக்கிற புகை எந்த அடுப்பானாலும் வரும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். விறகிலும் வறட்டியிலும் சமைத்த நம் பாட்டிமார் விட்ட மூச்சோடு ஒப்பிட்டால் கேஸ் எவ்வளவோ மேல்.

கதிராமங்கலம் பக்கம்: மீத்தேனை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள் நாங்கள். கேஸ் அடுப்பை விட்டால்தானே அதற்கு அர்த்தம்?

உங்கள் கேள்வியில் இரண்டு வேறு வாயு கலந்துவிட்டது ஐயா. சிலிண்டரில் வருகிற கேஸில் பாதிக்கு மேல் இறக்குமதி, பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து கப்பலில் வருகிறது. நம் மண்ணுக்கடியில் எடுக்கிற இயற்கை வாயுவை எரித்துக் கரண்ட் எடுக்கத்தான் குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் மின்நிலையம் கட்டியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் 100 மெகாவாட் சொச்சம். ஆக, டெல்டா வாயு உங்கள் வீட்டுக்குள் வருவதாக இருந்தால் சுவிட்ச் வழியாகத்தான் வரும். 2020இல் வேளாண் மண்டலச் சட்டம் வந்து புது எண்ணெய், வாயுக் கிணறுகளுக்குத் தடை போட்டது நீங்களெல்லாம் நின்றதால்தான். அதை அடுப்பை வைத்து அளக்காதீர்கள்.

கரிப்புகைக் கணக்கும் நினைக்கிற மாதிரி இல்லை. ஒரு சிலிண்டர் எரிந்தால் 42 கிலோ கரியமில வாயு. அதே சமையலுக்கு 130 யூனிட் என்றால், நாட்டின் கரண்டில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் 90 கிலோ போல ஆகிறது. இன்றைய நிலைமையில் அது இரண்டு மடங்கு. கூரையில் சோலார் போட்டால் கதை மாறும். 1 கிலோவாட் பலகை நம் வெயிலுக்கு நாளைக்கு 4 யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் வந்த மத்தியத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பகல் சமையலைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்கிற வீட்டுக்கு அது நல்ல பொருத்தம்.

வேதாரண்யம்: எங்களுக்கு எதைச் சிபாரிசு செய்வீர்கள்?

இரண்டையும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் உங்கள் ஊர் வழியாகத்தான் கரையேறியது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மன்னார்குடியில் எங்கள் தெருவுக்கே கரண்ட் வர 13 நாள் ஆனது. எதிர்வீட்டில் புதுசாகக் கல்யாணமான பிள்ளைகள், இண்டக்‌ஷன் மட்டும்தான் வைத்திருந்தார்கள். என் வீட்டுத் திண்ணையில் கேஸ் அடுப்பைக் கொண்டுவந்து வைத்தோம். ஆறு வீட்டுக்கு அதில்தான் கஞ்சி கொதித்தது. விழுந்த தென்னைகளிலிருந்து எடுத்த இளநீரும் தேங்காயும் வேண்டிய மட்டும் கிடந்தன, பார்க்கத்தான் மனசு வரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்த சிலிண்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கரண்ட் அடுப்பைத் தாராளமாகப் புழங்குங்கள், இணைப்பை மட்டும் ஒப்படைக்காதீர்கள்.

கேஸை வைத்திருக்கிறவர்களுக்கு: ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படரும். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்குக் கூப்பிடுங்கள்.

திருவாரூர்: வாடகை வீடு. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார் வீட்டுக்காரர்.

கேஸிலேயே இருங்கள். 130 யூனிட்டை எட்டால் பெருக்கிப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும்.

மயிலாடுதுறை: இதிலிருந்து கதிர்வீச்சு வருமா? அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது.

எக்ஸ்ரே மாதிரியான கதிர் எதுவும் வராது, வெறும் காந்தப்புலம்தான். ஆனாலும் பேஸ்மேக்கர் உள்ளவர் ஓடுகிற அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பது நல்லது. அவருடைய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நீடாமங்கலம்: வாரண்டி முடிந்த மறுமாதமே அடுப்பு செத்துவிட்டது. கார்டு போய்விட்டது என்கிறார்கள். ஏன்?

திறந்தால் பெரும்பாலும் கரப்பான்தான். அடியில் ஃபேன் காற்று இழுக்கிற சந்து வழியாக உள்ளே போய்க் கதகதப்பில் குடித்தனம் நடத்தும். ஒருநாள் கார்டின் (உள்ளே இருக்கிற சர்க்யூட் பலகை) மேல் குறுக்கே படுத்தால் அதுவும் போகும், காயிலுக்குக் கரண்டை விட்டுவிட்டுக் கொடுக்கிற ஐ.ஜி.பி.டி.யும் போகும். அறுவடை சமயத்தில் களத்துமேட்டுத் தூசி வேறு ஃபேனில் அப்பிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் ஃபேன் நிற்கும்வரை விட்டு, அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, அடுப்பைச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். மேடையில் சிந்திய சாம்பாருக்கு மேலேயே அடுப்பை வைக்காதீர்கள்.

பட்டுக்கோட்டை: அம்மா தனியாக இருக்கிறார், 74 வயது. பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். நான் இருப்பது சென்னையில். கேஸை நிறுத்திவிட்டு இண்டக்‌ஷன் வாங்கிக் கொடுக்கட்டுமா?

வாங்கிக் கொடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யோசிக்கவே மாட்டேன். டைமர் வைத்தால் தானே அணைந்துவிடும், பாத்திரத்தை எடுத்தாலும் நின்றுவிடும். தொடுபலகை வேண்டாம், அமுக்கினால் டக்கென்று விழுகிற பட்டன் உள்ளதாக வாங்குங்கள். வயதானவர்கள் விரலுக்குத் தொடுபலகை சில சமயம் மசியாது. சுடர் தெரியாததால் எரிகிறதா இல்லையா என்று குழம்புவார்கள், கண்ணாடியைத் தொட்டும் பார்ப்பார்கள். நீங்கள் ஊருக்கு வந்து இரண்டு நாள் கூடவே இருந்து, பாலை மட்டும் அவர் கையாலேயே நாலைந்து தடவை காய்ச்ச வையுங்கள். அவருக்கு வேண்டிய இரண்டு பட்டனில் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.