மாமனார் தலையில் பேரனின் ஹெல்மெட்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன், கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய வீட்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். பின்பக்கம் பச்சைப் பசேலென்று இருக்கும். இப்போது வாரத்துக்கு நாலைந்து பந்து வந்து விழுகிறது. மார்ச்சில் படுக்கையறை ஜன்னல் உடைந்தது, 850 டாலர். போன மாதம் காரின் முன்கண்ணாடி. அடித்தது யாரென்று தெரியவில்லை. கிளப்பில் ‘அடித்தவரைக் கேளுங்கள்’ என்கிறார்கள். ஹெச்.ஓ.ஏ.வில் (வீட்டு உரிமையாளர் சங்கத்தில்) ‘பத்திரத்தைப் படியுங்கள்’ என்கிறார்கள். என் கணவரோ ‘வந்த இடத்தில் எதற்கு வம்பு’ என்கிறார். இப்போதெல்லாம் காரை கராஜுக்குள் விடுகிறோம். பையனை முன்பக்கம்தான் விளையாட விடுகிறோம். ஊரிலிருந்து மாமா (மாமனார்) வந்திருக்கிறார். பின்னால் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது பேரனின் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போவார். போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டோம், ஒரே சிரிப்பு. ஜன்னலுக்கும் கார் கண்ணாடிக்கும் யாரிடம் பணம் கேட்பது? கேஸ் போட்டால் ஜெயிக்குமா?

பதில்:

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஜன்னல் 850 டாலர் என்று கணக்காக எழுதியிருக்கிறீர்கள். மாமாவுக்கு என்ன வயது என்று எழுதவில்லை.

பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை விழுந்து ஓடு உடைந்தது, தெருப் பையன்கள் அடித்த கிரிக்கெட் பந்து கண்ணாடியை உடைத்தது என்று எத்தனையோ கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் உடைந்த பொருளின் விலைதான் முதல் வரியில் இருக்கும். அந்த இடத்தில் யார் நடக்கிறார்கள், யார் உட்காருகிறார்கள் என்பது கடைசியில், போகிற போக்கில் வரும். உங்கள் கடிதத்தில் அது சிரிப்போடு வந்திருக்கிறது. அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

நீங்களே எழுதியதை வரிசையாக வைத்துப் பாருங்கள். பந்து வருகிறது என்று தெரிந்ததும் காரைப் பத்திரமாக உள்ளே வைத்தீர்கள். பிள்ளையை முன்பக்கம் அனுப்பினீர்கள். இரண்டுமே சரி. பெரியவருக்கு என்ன செய்தீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. அவரே வீட்டுக்குள் தேடி, கையில் கிடைத்த குழந்தை ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அது அவர் தலைக்குச் சரியாக உட்காரக்கூட உட்காராது.

அவர் ஏன் உங்களிடம் வந்து “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்லவில்லை? மகன் வீட்டில் சில மாதம் தங்க வந்த தகப்பன் அப்படிச் சொல்ல மாட்டார். கடன் வாங்கி வாங்கிய வீடு, ஆசைப்பட்டு வாங்கிய வீடு, அதில் குறை சொன்னால் பிள்ளை மனம் நோகும் என்று நினைப்பார். ஊரில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாலு பேருக்கு நியாயம் சொன்ன மனிதர்கூட அங்கே வந்தால் தண்ணீர் எந்த டம்ளரில் குடிப்பது என்று கேட்டுத்தான் குடிப்பார். அந்த வீட்டில் அவருடையது என்று இருப்பது ஒரு கீரைப் பாத்தி. அதையும் விட மனமில்லாமல், உங்களையும் தொந்தரவு செய்ய மனமில்லாமல் அவர் கண்டுபிடித்த வழி அது. அதைப் போட்டோ எடுத்துச் சுற்றுக்கு விட்டீர்கள். தவறு செய்தீர்கள். உங்கள் கணவர் அதைப் பார்த்துச் சிரித்திருந்தால் அவர் செய்தது இன்னும் பெரிய தவறு.

சரி, பந்துக்கு வருகிறேன். கோல்ஃப் பந்து 46 கிராம்தான் இருக்கும், விட்டம் நாலேகால் சென்டிமீட்டர். உள்ளே காற்று கிடையாது, முழுக்கக் கெட்டி. சாதாரண ஆட்டக்காரர் பெரிய மட்டையால் ஓங்கி அடித்தால்கூட மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். சைக்கிளிலிருந்து விழுந்தால் மண்டை தப்பிப்பதற்காகச் செய்த ஹெல்மெட் இதற்குச் செய்ததல்ல. கண்ணையும் முகத்தையும் அது மூடவே மூடாது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாலையில் போன டாக்ஸி ஓட்டுநர் ஒருவருக்கு, மைதானத்திலிருந்து வந்த பந்தால் ஒரு கண் போயிற்று. அந்த வழக்கில் 1922-ல் தீர்ப்பு வந்தது. அந்த ஹோலிலிருந்து (பந்தைக் குழியில் போட ஆடும் பகுதியிலிருந்து) பந்து அடிக்கடி சாலைக்கு வருவது தெரிந்த விஷயம் என்பதால், அடித்தவரோடு கிளப்பும் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. நூறு வருடமாக வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

இப்போது உங்கள் கேள்விக்கு. அமெரிக்காவில் பந்து தவறிப் போனது என்ற ஒன்றுக்காக மட்டும் ஆட்டக்காரரைப் பொறுப்பாக்குவது கடினம். நன்றாக ஆடுகிறவர் கையிலிருந்தும் பந்து விலகும். அவர் கவனக்குறைவாக அடித்தார் என்று காட்ட வேண்டும். ‘உடைத்தவன் கொடுக்க வேண்டும்’ என்பது நம் மனதில் இருக்கும் நியாயம். அதைச் சட்டம் அப்படியே ஏற்பதில்லை. உங்கள் டாலஸிலேயே நடந்த வழக்கு ஒன்று உண்டு. கோல்ஃப் கிளப்பை ஒட்டிய வீட்டுக்காரர்களின் கார்களைப் பந்துகள் சேதப்படுத்தின. அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டார்கள். யாரும் வேண்டுமென்று அந்த வீட்டுக்குள் பந்தை அனுப்பவில்லை, ஆகவே அது அத்துமீறல் ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992-ல் சொல்லிவிட்டது. வீட்டுக்காரர்கள் தோற்றார்கள்.

அடித்தவர் யாரென்று தெரிந்தால் ஒரு வழி இருக்கிறது. அங்கே பல வீட்டு இன்சூரன்ஸ் பாலிசிகளில், பாலிசிதாரர் பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் தவறு யாருடையது என்று பார்க்காமலே சிறு தொகை, பெரும்பாலும் 1,000 டாலர் வரை, கொடுக்கும் பிரிவு இருக்கும். பந்தைத் தேடி வேலியோரம் வருகிறவரிடம் மரியாதையாகப் பெயரும் போன் நம்பரும் கேட்டு, உங்கள் பாலிசியில் இது இருக்கிறதா பாருங்கள் என்று சொல்லலாம். கார் கண்ணாடிக்கு உங்கள் கார் பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதத்துக்கான பிரிவு) இருந்தால் அதில் கேளுங்கள். ஜன்னலுக்கு உங்கள் சொந்த வீட்டுப் பாலிசி உதவுவது சந்தேகம். டெக்சஸில் டிடக்டிபிள் (சேதத்தில் முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை) பல பாலிசிகளில் வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் என்று இருக்கும், அதற்குள்ளேயே 850 டாலர் அடங்கிப் போகும். பணத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

பத்திரத்தைப் படியுங்கள் என்று ஹெச்.ஓ.ஏ. சொன்னது தட்டிக்கழிக்கும் பேச்சாக உங்களுக்குப் பட்டிருக்கிறது. ஆனால் அவர்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மைதானத்தோடு சேர்த்துக் கட்டிய குடியிருப்புகளில், பந்து உங்கள் இடத்துக்குள் வரலாம், அதற்குக் கிளப் பொறுப்பில்லை என்ற நிபந்தனை பெரும்பாலும் பத்திரத்திலேயே இருக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற ஊரில் 15-வது ஹோலை ஒட்டி வீடு வாங்கிய குடும்பம் 651 பந்துகளைக் கணக்கு வைத்திருந்தது. 2021 டிசம்பரில் ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) அவர்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. மறு டிசம்பரில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், பந்து வந்து விழலாம் என்று பத்திரத்தில் மைதானத்துக்குக் கொடுத்திருந்த உரிமையை எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்று ஜூரிக்குச் சரியாக விளக்கவில்லை. அதே மாநிலத்தில் 1968-ல் வேறொரு வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டில் வந்து விழும் பந்துகளை நிறுத்த உத்தரவே வாங்கினார்கள். அவர்கள் பத்திரத்தில் அப்படி எந்த உரிமையும் எழுதிக் கொடுக்கப்படவில்லை. உங்கள் வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருக்கிறது. இன்று இரவே எடுத்துப் படியுங்கள். அப்படி உரிமை கொடுத்திருந்தாலும் எவ்வளவு பந்து வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் வரலாம் என்று அதற்குப் பொருளா, அல்லது நியாயமாக ஆடும் ஆட்டத்தில் தவறி வரும் பந்துக்கு மட்டுமா என்பதை அங்கேயுள்ள வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். சட்டத்திலும் உங்கள் ஜன்னலைவிட அந்த ஹெல்மெட்டுக்குத்தான் கனம் அதிகம். ஒரு குடும்பம் தன் சொந்த இடத்தை இயல்பாகப் பயன்படுத்த முடியாதபடி பக்கத்து இடத்தில் நடப்பது தொடர்ந்து இடைஞ்சல் செய்வதை அங்கே ‘நியூசன்ஸ்’ என்கிறார்கள். 2016-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம், டாலஸுக்குப் பக்கத்து டென்டன் வட்டாரத்தில் எரிவாயுக் குழாய் நிலையத்தின் இரைச்சல் பற்றிய வழக்கில், இதை விளக்கமாக எழுதியது. இடைஞ்சல் பெரிதாக இருக்க வேண்டும், சராசரி மனிதர் தாங்கக்கூடியதைத் தாண்டியிருக்க வேண்டும். வேண்டுமென்றே செய்தார்கள் என்பதற்கு, உங்களைத் துன்புறுத்தும் எண்ணம் இருந்தது என்று காட்டத் தேவையில்லை. இப்படியே நடத்தினால் இந்த இடைஞ்சல் நிச்சயம் வரும் என்று தெரிந்தும் தொடர்ந்தாலே போதும்.

அப்படியானால் கிளப்புக்குத் தெரியும் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். கவுன்டரில் நின்று வாயால் சொன்னது எங்கேயும் பதிவாகாது. எழுதுங்கள். பந்து விழுந்த தேதி, நேரம், இடம், போட்டோ. விழுந்த பந்தை எல்லாம் தூக்கிப் போடாமல் ஒரு வாளியில் சேருங்கள். ஒப்புதல் கையெழுத்தோடு போகும் தபாலில் கிளப்புக்கு ஒன்று, ஹெச்.ஓ.ஏ.வுக்கு ஒன்று. “எங்கள் வீட்டுப் பெரியவர் தலைக்கவசம் இல்லாமல் பின்பக்கம் நிற்க முடியவில்லை” என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஜன்னல் இரண்டாவது பத்தியில் வரட்டும். பணத்தை மட்டும் கேட்காதீர்கள். ஆட்டம் தொடங்கும் மேடையைக் கொஞ்சம் நகர்த்தவோ திருப்பவோ முடியுமா, வலை கட்டுவார்களா, மரம் வைப்பார்களா என்று கேளுங்கள். வலக்கை ஆட்டக்காரர்கள் தவறி அடிக்கும் பந்து பெரும்பாலும் வலப்பக்கம்தான் விலகும். மேடையிலிருந்து பார்த்தால் உங்கள் வீடு வலப்பக்கம் இருந்தால், திசையைச் சற்று மாற்றினாலே பந்து வருவது குறையலாம். உங்கள் இடத்திலேயே வலை கட்டுவதானால் ஹெச்.ஓ.ஏ. அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் இப்போதே எழுதிப் போடுங்கள். சேதத்துக்கு வழக்குப் போட டெக்சஸில் இரண்டு வருடம்தான் அவகாசம். 20,000 டாலர் வரை ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தில்) கேட்கலாம், அங்கே வழக்கறிஞர் இல்லாமலும் பேசலாம். ஆனால் ‘பந்து வராமல் நிறுத்து’ என்ற உத்தரவு வேண்டுமென்றால் பெரிய நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

அந்தப் போட்டோவை அழிக்காதீர்கள். அது உங்களுக்கு ஆதாரம். ஆனால் அதில் தேதி இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். நாளை மாமாவுக்கு ஏதாவது ஆனால், ஆபத்து என்று தெரிந்துதானே பெரியவரை அங்கே நிற்க விட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு அதே போட்டோவை நீட்டும். அப்போது உங்கள் கணவர் என்ன பதில் சொல்வார்?

அவர் ‘வந்த இடத்தில் எதற்கு வம்பு’ என்றாராம். இந்த வாக்கியத்தை நான் பல கடிதங்களில் பார்த்திருக்கிறேன். பணிவு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர் வந்தவர் அல்லர், குடியிருப்பவர். தனக்கு வரும் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வது அவர் இஷ்டம். தகப்பன் தலையில் விழப்போவதைப் பொறுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. கிளப்புக்குப் போகும் கடிதத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுங்கள், பரவாயில்லை. ஆனால் கையெழுத்து மகனுடையதாக இருக்கட்டும்.

இன்னொன்று. மாமா பார்வையாளர் விசாவில் வந்திருந்தால் அவருக்கு மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) கிடையாது. ஊரிலிருந்து எடுத்து வந்த டிராவல் இன்சூரன்ஸ் பேப்பரைப் பிரித்துப் பாருங்கள். எமர்ஜென்சிக்கு, ஸ்கேனுக்கு, ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு என்று தனித்தனியாக உச்சவரம்பு போட்டிருந்தால் அது அங்கே ஒரு ராத்திரிக்குக்கூடக் காணாது. 850 டாலருக்கு இவ்வளவு யோசித்த நீங்கள் இதையும் யோசித்திருக்க வேண்டும்.

கடிதமும் வலையும் வர மாதங்கள் ஆகும். அதற்குள் செய்ய வேண்டியது உங்கள் கையில் இருக்கிறது. கீரைப் பாத்தியை முன்பக்கமோ வீட்டின் பக்கவாட்டிலோ மாற்றுங்கள். ஹெச்.ஓ.ஏ. தரையில் பாத்தி கூடாது என்றால் பெரிய தொட்டிகளில் வையுங்கள். சனிக்கிழமை காலை, கூட்டமாக ஆடுகிற நேரத்தில், யாரும் பின்பக்கம் போகாதீர்கள். மண்ணைச் சுமப்பது மகனும் பேரனுமாக இருக்கட்டும். எங்கே வைக்கலாம் என்பதை மட்டும் மாமாவிடம் கேளுங்கள். வெயில் எந்தப் பக்கம் விழும் என்று உங்களைவிட அவருக்குத் தெரியும். குடும்ப குரூப்பில் அந்தப் போட்டோவுக்குக் கீழே, இப்படி விட்டது எங்கள் தவறு, சரி செய்கிறோம் என்று உங்கள் கணவர் எழுத வேண்டும். அங்கே சிரித்த அத்தனை பேரும் அதைப் படிக்கட்டும். மாமாவும் அந்த குரூப்பில் இருக்கிறார்தானே?

கிளப்பிலிருந்து பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். பத்திரத்தில் அந்த நிபந்தனை எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் வரிக்கு வரி எழுதி அனுப்புங்கள். அப்புறம், மாமாவுக்கு என்ன வயது என்று எழுதுங்கள்.