அழ வச்சதுக்கா கோபம், ஏமாத்தினதுக்கா?

வணக்கம் அக்கா,

நீங்க கொரியன், சைனீஸ் டிராமா பத்தி எழுதறத ரெகுலரா படிக்கிறேன். போன வாரம் தான் மூன் லவர்ஸ் ஸ்கார்லெட் ஹார்ட் ரியோங்கற கொரியன் டிராமா 20 எபிசோடும் முடிச்சேன், முடிச்சதுல இருந்து மனசே சரியில்ல, அழுகைய விட கோபம் தான் ஜாஸ்தியா வருது. ஹே சூ எதிர்காலத்துல இருந்து வந்தவ, அவ காதலிக்கற இளவரசன் வாங் சோ என்ன ஆகப்போறான்னு அவளுக்கு தெரியும், அப்புறம் ஏன் ஒண்ணுமே பண்ணாம இருந்துட்டு கடைசில அவன விட்டுட்டு போய் அவன் தம்பி ஜங்க கல்யாணம் பண்ணிக்கறா? அந்த லெட்டர் விஷயம் இன்னும் மோசம். ஒரு கவர பிரிச்சு பாக்காததால ஒரு காதல் கதை முடிஞ்சு போகுமா? ஃப்ரெண்ட்ஸ் கிட்ட சொன்னா "இது ட்ராஜெடிடி, உனக்கு சோக முடிவ ரசிக்க தெரியல"ன்னு வாய அடைச்சிடறாங்க. சோகம் பிடிக்காதுன்னு இல்லக்கா, ஏதோ ஏமாத்திட்ட மாதிரி இருக்கு. நான் நினைக்கறது தப்பா?

– ச.

அன்புள்ள ச.,

தப்பே இல்ல. உங்க ஃப்ரெண்ட்ஸ் சொன்னத கேட்டு தான் எனக்கு கொஞ்சம் கோபம் வந்துச்சு, ஏன்னா இந்த டிராமா 2016ல எஸ்பிஎஸ் சேனல்ல வந்த நாள்ல இருந்து யாராவது முடிவ பத்தி குறை சொன்னா உடனே "உனக்கு ஹேப்பி எண்டிங் வேணும் அதான்"னு சொல்லி முடிச்சு வச்சிடறாங்க. நீங்க ஏமாத்திட்ட மாதிரி இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அத தான் பிடிச்சுக்கணும்.

முதல்ல ஒண்ணு. இந்த கதைக்கு சோகமான முடிவு ஆரம்பத்துலயே எழுதி வச்சாச்சு. வாங் சோ கற்பனை ராஜா இல்ல, கோரியோங்கற பழைய கொரிய ராஜ்யத்தோட நாலாவது அரசன் குவாங்ஜோங், 949ல இருந்து 975 வரைக்கும் ஆண்டவர். அவரோட ரெண்டு மனைவி யாருன்னு வரலாறுல இருக்கு, ஒருத்தி அப்பாவோட இன்னொரு மனைவிக்கு பொறந்த தங்கச்சி, இன்னொருத்தி அண்ணனோட பொண்ணு. கேக்கவே ஒரு மாதிரி இருக்கும், ஆனா அது அந்த அரண்மனைல சகஜம், காரணம் அவரோட அப்பா, கோரியோவ ஆரம்பிச்ச தேஜோ வாங் கொன். அவர் மூணு துண்டா கிடந்த நாட்ட ஒண்ணாக்க ஊர் ஊரா இருந்த பெரிய குடும்பத்துல எல்லாம் பொண்ணு எடுத்தார், மொத்தம் 29 மனைவி, 25 பையன். ஒவ்வொரு இளவரசனுக்கு பின்னாடியும் அம்மா வீட்டு ஆளும் படையும் நிக்குது. அண்ணன் தம்பி ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கறது கெட்டவனுங்க பொறந்ததால இல்ல, அந்த கல்யாணக் கணக்குலயே அது இருந்துச்சு. இதுக்கு நடுவுல பின்னாடி எந்த குடும்பமும் இல்லாத ஹே சூ ராணி ஆகறதுக்கு வழியே கிடையாது. அதனால அவங்க சேரலையேன்னு அழலாம், ஏன் சேரலன்னு கதைய கேக்க முடியாது.

அப்ப எங்க ஏமாத்தினாங்க? எனக்கு பதில் சொல்ல ரெண்டு காட்சி போதும்.

ஒண்ணு அந்த மழை காட்சி. ஹே சூவ தாய் மாதிரி பாத்துக்கிட்ட அரண்மனை பணிப்பெண் ஓ அம்மாவ தூக்குல போடப்போறாங்க, அரசர் மனச மாத்தணும்னு ஹே சூ கல்லு தரைல மண்டி போட்டு உக்காந்திருக்கா, முட்டி ரத்தம் கட்டி போச்சு, மழை கொட்டுது. அவள முதல்ல காதலிச்ச இளவரசன் வூக் வர்றான், அவள பாக்கறான், அவனுக்கு கால் முன்னாடி போக துடிக்குது, ஆனா குடும்பம் தடுக்குது, திரும்பி போயிடறான். கொஞ்ச நேரத்துல தலை மேல மழை நின்ன மாதிரி இருக்கு, அண்ணாந்து பாத்தா வாங் சோ தன்னோட மேலங்கிய விரிச்சு பிடிச்சுக்கிட்டு நிக்கறான். வசனம் எதுவும் வேண்டியதில்ல, இவன் இப்படி தான் செய்வான், அவன் அப்படி தான் செய்வான்னு முன்னாடி பத்து எபிசோடா நமக்கு சொல்லிட்டாங்க, இப்ப அது நடக்குது, நெஞ்ச அடைக்குது. வூக்கா வர்ற காங் ஹா நுல் அந்த திரும்பற நொடிய நடிச்சிருக்கற விதத்துக்காகவே நான் வூக்க கடைசி வரைக்கும் வெறுக்கல.

இப்ப லெட்டர் காட்சிக்கு வாங்க. ஹே சூ சாகப்போறா, கடைசியா ஒரு தடவ பாக்கணும்னு வாங் சோவுக்கு எழுதிட்டே இருக்கா. அவ கையெழுத்து வாங் சோ கையெழுத்து மாதிரியே இருக்கும், அவன் எழுதி குடுத்த கவிதைய பாத்து பாத்து எழுதி பழகினவ, அது அழகான விஷயம், ஒத்துக்கறேன். வெளிய யாராவது பாத்தா அரசரோட கையெழுத்து மாதிரி இருக்கேன்னு பிரச்சனை ஆகும்னு ஜங் அந்த லெட்டர தன் பேர் போட்ட இன்னொரு கவர்ல வச்சு அனுப்பறான். ஜங் தன்ன சீண்ட தான் எழுதறான்னு நினைச்சு வாங் சோ பிரிக்கவே மாட்டேங்கறான், கவரெல்லாம் அப்படியே சேருது. அவ செத்து போன சேதி வந்ததுக்கு அப்புறம் தான் பிரிக்கறான். வாங் சோவா நடிச்ச லீ ஜூன் கி அந்த இடத்துல அழற அழுகைக்கு நானும் அழுதேன், ஆனா அழுதுக்கிட்டே எனக்கும் உங்கள மாதிரி தான் எரிச்சல் வந்துச்சு. மழைல அங்கி பிடிச்சது வாங் சோவோட குணம். கவர் மேல வேற பேர் இருந்தது யாரோட குணமும் இல்ல, அது தற்செயல், இருபது எபிசோடா குணத்தால நகர்ந்த கதைய கடைசி ஒரு மணி நேரத்துல தபால் குழப்பத்து கைல குடுத்துட்டாங்க. உங்க கோபம் சோகத்து மேல இல்ல ச., இது மேல தான்.

இதுல இன்னொரு விஷயம் சொல்லணும், இது கொரியாக்காரங்க யோசிச்சது இல்ல. மூன் லவர்ஸுக்கு மூலக்கதை டோங் ஹுவா எழுதின சீன நாவல், அத வச்சு 2011ல ஹூனான் டிவில 35 எபிசோடா வந்த புபு ஜிங்சின் டிராமா, ரெண்டுலயும் இதே லெட்டர், இதே கவர் மாத்தறது இருக்கு. ஆனா அங்க எனக்கு இந்த எரிச்சல் வரல. ஏன்னு நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். அந்த கதைல நாயகி ரூவோஷி இந்த காலத்துல இருந்து போய் விழறது சிங் வம்சத்து காங்ஷி அரசரோட அரண்மனைல, அந்த வரலாறு சீனால எல்லாருக்கும் அத்துப்படி, நாலாவது இளவரசன் தான் பின்னாடி யோங்ஜெங் அரசனா வருவான்னு பாக்கறவங்களுக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். எட்டாவது இளவரசன் மேல இருந்த பாசத்துல நாலாவது இளவரசன்கிட்ட ஜாக்கிரதையா இருங்கன்னு அவ ஒரு வார்த்தை சொல்லிடறா. அத நம்பி அவன் முந்திக்கிட்டு நாலாவது இளவரசன் மேல ஒரு சதி பண்றான், பழிய பதிமூணாவது இளவரசன் தன் தலைல போட்டுக்கறான், பத்து வருஷம் அடைச்சு வைக்கறாங்க. யாரால இதெல்லாம் நடந்துச்சுன்னு பல வருஷம் கழிச்சு எட்டாவது இளவரசனோட மனைவி வந்து ரூவோஷி முகத்துக்கு நேரா சொல்றா. காப்பாத்த சொன்ன வார்த்தை தான் எல்லாரையும் கவுத்துச்சு. அதுக்கு அப்புறம் அவளால அந்த அரண்மனைல மூச்சு விட முடியாது, அவ கிளம்பறதும் லெட்டர் பிரிக்காம போறதும் அந்த பாரத்தோட கடைசி துளி தான், அது மட்டுமே காரணம்னு நமக்கு தோணவே தோணாது.

கொரியன்ல இந்த இழை ரொம்ப மெலிசாயிடுச்சு. 35 எபிசோட் 20 ஆனது ஒரு காரணம். இன்னொரு காரணத்த யாரும் பெருசா பேசறதில்ல, கோரியோவோட ஆரம்ப கால பதிவுகள் 1011ல கிதான்ங்கற வடக்கு இனத்தோட படையெடுப்புல தலைநகர் எரிஞ்சப்ப அழிஞ்சு போச்சு, இப்ப கைல இருக்கற கோரியோசாங்கற வரலாற்று நூல் 1451ல தொகுத்தது, சம்பவம் நடந்து ஐநூறு வருஷம் கழிச்சு. அதனால ஹே சூவுக்கு தெரிஞ்ச வரலாறு என்ன? குவாங்ஜோங்னு ஒரு அரசன் சொந்தக்காரங்கள கொன்னான், அவ்வளவு தான். யார் குவாங்ஜோங்னு கூட அவளுக்கு பாதி கதை வரைக்கும் தெரியாது. இவ்வளவு கம்மியா தெரிஞ்சவ என்னத்த தடுப்பா?

ஆனா "ஒண்ணுமே பண்ணல"ன்னு நீங்க எழுதினத மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன். அந்த மழை வேண்டி பூஜை பண்ற எபிசோட மறுபடி போட்டு பாருங்க. முகத்துல தழும்பு இருக்கறவன் அரசனாக முடியாது, ஜனங்க அவன் மேல சேற எறியறாங்க, முகமூடி இல்லாம வெளிய வர பயந்து ஒளிஞ்சிருக்கறவன உக்கார வச்சு, தான் குழைச்ச பூச்ச பிரஷ்ல எடுத்து, அவனே யாரையும் தொட விடாத அந்த தழும்பு மேல மெதுவா பூசி விடறது யாரு? இந்த காலத்துல மேக்கப் சாமான் வித்துக்கிட்டு இருந்த பொண்ணு, அவளுக்கு தெரிஞ்ச ஒரே வித்தை அது. அவன் தலைய நிமித்தி வெளிய நடந்து போறான், மழை வருது, அந்த நிமிஷம் தான் இவன் தான் குவாங்ஜோங்னு அவளுக்கு உறைக்குது. அரசனா வரக்கூடாதேன்னு அவ பயந்தவன அரசனாக்கினது அவ கையே. என்ன பொறுத்த வரைக்கும் மொத்த சீரியல்லயும் திரைக்கதை உச்சத்துல இருக்கற இடம் இது தான், இதோட கனத்த பின்னாடி எடுத்துட்டு போயிருந்தாங்கன்னா கவரும் வேணாம் கையெழுத்தும் வேணாம்.

அவ விட்டுட்டு போறதுக்கும் இதே மாதிரி தான், நியாயம் இருக்கு, அவசரமா காட்டிட்டாங்க. ஹே சூவோட பணிப்பெண் சே ரியோங் ஒற்று வேல பாத்தவ, முன்ன இருந்த அரசர் சாவுலயும் அவளுக்கு கை இருக்கு, சட்டப்படி வாங் சோ அவளுக்கு குடுத்த மரண தண்டனைய குறை சொல்ல முடியாது. ஆனா ஹே சூவுக்கு அவ கூடவே வளர்ந்த தங்கச்சி மாதிரி, அந்த உடம்ப அவ கண்ணால பாக்கறா. அன்னைக்கு ராத்திரி அவ பக்கத்துல படுக்கறவன் யாரு, மழைல அங்கி பிடிச்சவனா, இத செய்ய சொன்னவனா? ரெண்டு பேரும் ஒருத்தன் தான்னு அவளுக்கு புரியுது, அவ வயித்துல குழந்தை இருக்கு, அரண்மனைல பொறக்கற குழந்தைக்கு என்ன நடக்கும்னு அவ பாத்துட்டா. நானா இருந்தாலும் கிளம்பியிருப்பேன்.

பிரிக்காத கவர் மாதிரி ஒரு விஷயத்த வச்சே ஒரு முடிவு மனச அறுக்க முடியுமான்னா, முடியும், அதே டோங் ஹுவாவோட இன்னொரு கதைல இருந்தே சொல்றேன், அத வச்சு வந்த லாஸ்ட் யூ ஃபாரெவர் சீன டிராமாவ இன்னும் பாக்கலன்னா இந்த பாராவ தாண்டிடுங்க. அதுல ஷியாங் லியு, ஒன்பது தலை பிசாசு, பழைய சீன புராணத்துல வர்ற உருவம். தான் போர்ல சாகப்போறோம்னு தெரிஞ்சு தான் விரும்பற ஷியாவ்யாவுக்கு ஒரு சிரிக்கற பொம்மை அனுப்பறான், உள்ள ஒரு பளிங்கு உருண்டை, அதுல அவ நல்லா இருக்கணும்னு எழுதினத அவனே அழிச்சிடறான். அவளுக்கு கடைசி வரைக்கும் தெரியாது. இங்கயும் சேதி போய் சேரல. ஆனா சேரக்கூடாதுன்னு முடிவு பண்ணது அவனே, தான் இல்லாத இடத்துல அவ அழக்கூடாதுன்னு அவளுக்கு கடனே இல்லாத மாதிரி எல்லாத்தயும் துடைச்சுட்டு போறான். 2024ல ரெண்டாவது சீசன் வந்தப்ப அவன் சாவ தாங்க முடியாம கதறினவங்க ஏராளம், அவன் ஏன் அப்படி பண்ணான்னு மட்டும் எங்களுக்கு விளக்கம் தேவைப்படல.

மூன் லவர்ஸ்ல நடந்த இன்னொரு அநியாயம் அடிமை விஷயம். நிஜ குவாங்ஜோங் 956ல ஒரு சட்டம் போட்டார், போர்லயும் கடன்லயும் அநியாயமா அடிமையாக்கின ஆளுங்கள விசாரிச்சு விடுவிக்கற சட்டம், பெரிய குடும்பங்களோட ஆள் பலத்த அது நேரா ஒடிச்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு 958ல அரசு வேலைக்கு பரிட்சை கொண்டு வந்தார். கொலைகாரன்ங்கற பேரும் இந்த சட்டத்தால எரிச்சலான அதே குடும்பங்கள அடக்கினதுல இருந்து தான் பெருசா வந்துச்சு. கதைல ஹே சூ அரண்மனைல கடைசி படி வேலைக்காரியா துணி தோச்சவ, மனுஷங்க எல்லாம் சமம்னு நம்பற காலத்துல இருந்து வந்தவ, அவ கிட்ட பேசி பேசி அவன் மனசுல அந்த சட்டம் உருவாச்சுன்னு காட்ட எவ்வளவு வசதி இருந்துச்சு! கடைசில பேச்சோட பேச்சா வந்துட்டு போயிடுது. அது ஒரு முழு எபிசோடா இருந்திருந்தா அவ செத்தாலும் அவ அவன்கிட்ட விட்டுட்டு போனது ஒண்ணு நாட்டுல நின்னிருக்கும், நமக்கும் அழுகையோட ஒரு பிடிப்பு கிடைச்சிருக்கும்.

ஒளிபரப்புக்கு முன்னாடியே மொத்தமும் எடுத்து முடிச்ச சீரியல் இது, அந்த காலத்துல கொரியால அது அபூர்வம், வாரா வாரம் எடுத்துக்கிட்டே ஜனங்க என்ன சொல்றாங்கன்னு பாத்து மாத்தறது தான் வழக்கம். எதிர்ல கேபிஎஸ் சேனல்ல அதே நேரத்துக்கு ஓடின சீரியல் ரேட்டிங்ல 20 சதவீதத்த தாண்டி போச்சு, இது கடைசி எபிசோட்ல தான் 11 தாண்டுச்சு. புதுசா காட்சி எடுக்க வழியில்ல, எடிட்டிங்ல தான் கை வைக்க முடிஞ்சுது, அதனால எஸ்பிஎஸ்ல ஓடினதும் வெளிநாட்டுக்கு போனதும் ஒரே மாதிரி இல்ல, அங்கங்க காட்சி மாறும். நீங்க எத பாத்தீங்கன்னு தெரியல, முடிஞ்சா இன்னொன்னயும் தேடி பாருங்க.

ரெண்டாவது சீசன் வருமான்னு கேக்கறவங்க இன்னும் இருக்காங்க, நம்ம உலகம் வேறன்னா நான் உன்ன தேடி வருவேன்னு அவன் சொல்லிட்டு நடந்து போறத நம்பி தான். எனக்கு அது வேணாம் ச., இன்னொரு தற்செயல்ல அவங்க ரோட்ல மோதிக்கிட்டா நான் நம்ப மாட்டேன். அதுக்கு பதிலா நீங்க புபு ஜிங்சின் 35 எபிசோடும் பாருங்க, முதல் ஆறேழு மெதுவா போகும், விட்டுடாதீங்க. எட்டாவது இளவரசன் மனைவி வந்து அந்த உண்மைய சொல்ற இடத்துக்கு வந்ததும் எனக்கு எழுதுங்க, அங்க உங்களுக்கு கோபம் வருதா அழுகை வருதான்னு தெரிஞ்சுக்கணும்.

அன்புடன்,
அக்கா