பாத்ரூம் செங்கல் சுவரைக் குடைந்து மாடம் எடுக்கலாமா?

கேட்டது இது: கோவையில் பழைய வீடு, சோப்பு, ஷாம்பு வைக்க பாத்ரூம் சுவரில் மாடம் வெட்டினால் சுவர் தாங்குமா?

9 இஞ்ச் சுவராக இருந்தால் தாராளமாக எடுக்கலாமுங்க. 4½ இஞ்ச் சுவரைத் தொட வேண்டாம், மூலையில் கிரானைட் தட்டு பதித்துக்கொள்ளுங்கள். முதலில் பைப் போகாத இடமாகப் பார்த்து 6 எம்.எம். பிட்டில் ஒரு துளை போடுங்கள். பூச்சைத் தாண்டியதும் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். உள்ளேயும் சாம்பல் தூளே வந்தால் பிளாக்கோ கான்கிரீட்டோ, அங்கே நிறுத்துங்கள். டைவர்ட்டருக்கு (குழாய்க்கும் ஷவருக்கும் தண்ணியை மாற்றிவிடும் திருகு) நேர் மேலே ஷவர் பைப் ஏறும், அதன் இரு பக்கமும் அரை அடி தள்ளியே குறி போடணும். கீசர் வயர் எந்தப் பக்கம் இறங்குது என்றும் பார்த்து, பாத்ரூமுக்கு வரும் லைனை மெயின் போர்டில் அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

உள்ளளவு 12 இஞ்ச் அகலம், 18 இஞ்ச் உயரம் வேண்டுமானால் 14க்கு 20 வெட்டணும். ஆழம் 4½ வெட்டினால் பூச்சு, பசை, டைல்ஸ் போக 3½தான் மிஞ்சும். ஷாம்பு பாட்டிலுக்கு அது போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் பின்பக்கக் கல்லில் கை வைத்த மாதிரி ஆகிவிடும்.

பெரும்பாலும் கெடுவது உடைக்கிற விதத்தில்தான். 9 இஞ்ச் சுவரில் சில கற்கள் நீளவாக்கில் இருக்கும், சில குறுக்கே சுவரின் முழுக் கனத்துக்கும் போயிருக்கும். குறுக்கே போன கல்லைச் சம்மட்டியால் அடித்தால் அதன் மறுபாதி அடுத்த அறைப் பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். அதனால் கட்டிங் மெஷினில் சுற்றிலும் கீறி, உளியால் ஒரு இஞ்ச் பெயர்த்து, மறுபடி கீறி, இப்படியே படிப்படியாக இறங்கணும். 4 இஞ்ச் பிளேடு ஒரு தடவைக்கு ஒரு இஞ்ச் சொச்சம்தான் இறங்கும். ஆட்கள் அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள்.

மேல் விளிம்பில் முதலில் பள்ளம் எடுத்து, 20 இஞ்ச் நீளக் கிரானைட் துண்டை இரு பக்கமும் 3 இஞ்ச் உட்காருகிற மாதிரி 1:3 சிமென்ட், மணல் கலவையில் பதியுங்கள். மூன்று நாள் ஆறிய பிறகே கீழே வெட்டணும். பூச்சு 1:4. ஒரு வாரம் தண்ணி காட்டி, காய்ந்ததும் வாட்டர்ப்ரூப் கோட்டிங் இரண்டு கை. மூலைகளில் பைபர் வலை வைத்து, மாடத்துக்கு வெளியேயும் நாலு இஞ்ச் பூசுங்கள்.

அடித்தட்டு ஒரே துண்டுக் கல்லாக இருக்கட்டும். முன்பக்கம் 3 முதல் 5 எம்.எம். வாட்டம் கொடுத்து, டைல்ஸைவிட 5 எம்.எம். வெளியே நீட்டுங்கள். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றால் அந்தத் தட்டு தப்பு. தண்ணி தேங்கி மூலையில் பாசி பிடிக்கும், நாளாக நாளாக இடுக்கு வழியே சுவருக்குள் இறங்கும்.

நின்று குளிப்பவர்களுக்குத் தரையிலிருந்து 3½ அடி. மணையில் உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொள்ளும் பெரியவங்க இருந்தால் 2½ அடி. இரண்டு பேரும் இருந்தால் இரண்டு சின்ன மாடமே மேல்.

கல் நிறத்தையும் தண்ணியைப் பார்த்துத்தான் எடுக்கணும். உப்பு குறைந்த சிறுவாணித் தண்ணிக்கு எந்த நிறமும் சரி. பல்லடம், அவிநாசிப் பக்கத்துப் போர் தண்ணி என்றால் கறுப்புக் கிரானைட்டில் உப்பு வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். வெளிர் கல் போட்டு, இடுக்குக்குச் சிமென்ட்டுக்குப் பதில் எபாக்ஸி (ரெசின் கலவை) அடையுங்கள். உப்பைப் போக்க ஆசிட் ஊற்றினால் சிமென்ட் அடைப்பு அரித்துப் போய்விடும்.