பிரசவத்துக்கு எடுத்து வைத்த பணமும் ஒழுகுகிற சுவரும்

குழந்தை வரப்போகிற வீடுகளிலிருந்து வரும் வீட்டு ரிப்பேர் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். "இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை, இப்போது பார்த்தா எல்லாம் ஒன்றாகக் கெட்டுப்போக வேண்டும்?" என்ற புலம்பல் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. பல வீடுகளில் அது ஏற்கெனவே கெட்டுத்தான் இருந்திருக்கும். தொட்டிலுக்கு இடம் பண்ண பீரோவை நகர்த்தியதில் இப்போது கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

குழந்தைக்கென்று ஒதுக்கிய அறையில் சுவர் ஊறி, கறுப்பாகப் பூஞ்சணம் படிந்திருக்கிறது. பிரசவத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. சேமிப்பை எடுத்து அறையை முழுசாகச் சரி செய்துவிடலாமா?

முழுசாக வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பூசுகிற பூச்சும் அடிக்கிற பெயின்ட்டும் சில மாதங்களில் கொப்புளித்து உதிரும், காசும் கூடவே உதிரும். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டர் இருந்தால் அதன் அளவைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. நகரவில்லை, மழை பெய்தால் மட்டும் ஈரம் கூடுகிறது என்றால் கூரையையோ வெளிச்சுவர் விரிசலையோ பார்க்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால் சில நாட்கள் அங்கே குளிக்காமல் இருந்து பாருங்கள், ஈரம் குறைந்தால் தரை டைல்ஸ் இணைப்புகளிலோ கழிவுநீர்க் குழாயிலோ கோளாறு இருக்கலாம்.

இப்போதைக்குக் கசிவை நிறுத்துகிற செலவு மட்டும் போதும். ஊறிய சுவர் காய எப்படியும் வாரக்கணக்கில் ஆகும், அதன் பிறகுதான் பட்டி, பெயின்ட் எல்லாம். அந்தத் தாமதத்தால் நஷ்டமும் இல்லை, ஏனென்றால் முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், தூங்குவது நல்லது என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தனி அறை தயாராகவில்லையே என்று கடன் வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பூஞ்சணத்தைத் தேய்க்கிற வேலையைக் கர்ப்பிணி செய்யக் கூடாது.

குளியலறைக்குள் இருக்கும் கேஸ் கீசர் பழசு. சர்வீஸ் செய்ய வந்தவர் மாற்றச் சொல்கிறார். வெந்நீர் நன்றாகத்தான் வருகிறது. குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

கூடாது. இன்றே அணைத்துவிடுங்கள், மாற்றும் வரை அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளிக்கலாம். கேஸ் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அது உடம்பில் ஏறினால் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரும். இதே மூன்றும் கர்ப்பத்திலும் வரும் என்பதால் "இந்த மாதத்தில் அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், பயமே அங்கேதான். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அம்மாவைவிட அதிகப் பாதிப்பு ஆகலாம். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, பக்கத்தில் கரி படிந்திருந்தாலோ, குளித்து வந்ததும் தலை வலித்து வெளிக்காற்றுக்குப் போனால் தெளிந்தாலோ, கீசர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். தொட்டில் வாங்குவதைக்கூடத் தள்ளிப் போடலாம், இதை முடியாது. புதிய கீசரை வீட்டுக்கு வெளியே பொருத்தவோ, புகை நேரே வெளியே போகிற மாதிரி குழாய் வைக்கவோ வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மெயின் சுவிட்ச் அடிக்கடி ட்ரிப் ஆகிறது. எலக்ட்ரீஷியன் வீடு முழுக்க வயரிங் மாற்றணும் என்கிறார். ஏமாற்றுகிறாரா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. முதலில் எல்லாப் பொருட்களின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒரே பொருளைப் போடும்போது மட்டும் விழுந்தால் கோளாறு அதில். எல்லாம் பிடுங்கிய பிறகும் விழுந்தால் வயரிங்கில் பிரச்சினை இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் வாய்ப்பேச்சில் நம்பாமல், மெகர் (வயரின் மேலுறையில் மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு லைனாகச் சோதித்து அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். அளவு மோசமாக வந்த லைனை மட்டும் இப்போது மாற்றி, மிச்சத்தைப் பிறகு செய்யலாம். சுவிட்ச் போர்டு சுடுகிறது, கருகிய வாசனை வருகிறது என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள். ஒன்று சொல்கிறேன், ட்ரிப் ஆவது தொல்லையாக இருக்கிறதென்று அந்தப் பாதுகாப்பு சுவிட்சையே கழற்றிவிட்டு நேர் இணைப்புக் கொடுக்க யாராவது கிளம்பினால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வீடு ரொம்பப் பழசு. ஆள் கூலி மிச்சம் என்று என் கணவர் தானே ஜன்னல் பெயின்ட்டைச் சுரண்டித் தேய்க்கப் போகிறார். சரிதானே?

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது தூசியாகி வீடு முழுக்கப் பரவும். ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும், அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. உரியாமல் உறுதியாக இருக்கும் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டாம், மேலேயே புதுசு அடிக்கலாம். ஆனால் ஜன்னல், கதவு திறந்து மூடும்போது உரசுகிற இடங்களில் மேல்பூச்சு நிற்காது, அதையும் உரிகிற இடங்களையும் ஈயப் பெயின்ட் வேலை தெரிந்த ஆள்தான் ஈரமாக்கி எடுக்க வேண்டும். வேலை முடிந்து ஈரத் துணியால் துடைத்து முடிக்கும் வரை நீங்கள் வேறு வீட்டில் இருங்கள். இந்தக் கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாடகை வீடு. கூரை ஒழுகுகிறது, உரிமையாளர் "பார்க்கலாம்" என்றே நாட்களைக் கடத்துகிறார்.

படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் அனுப்புங்கள், போன் பேச்சு கணக்கில் வராது. நீங்களே செலவு செய்து வாடகையில் கழித்துக்கொள்வதென்றால் அவருடைய சம்மதம் எழுத்தில் கைக்கு வந்த பிறகு செய்யுங்கள்.

சரி, மொத்தத்தில் எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்?

வருடத்துக்கு வீட்டு மதிப்பில் 1 சதவீதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, மதிப்பு ஏறுவது நிலத்தால், ஒழுகுவது வீட்டின் வயதால். அதைவிட, பிரசவப் பணத்தை வேறு கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். மீதியில் முதலில் கேஸ், அடுத்து மின்சாரம், அதற்கடுத்து கசிவு. சுவரை உடைக்கிற வேலை என்றால் சொன்ன தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது கையில் இருக்கட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று உடைக்கும் வரை மேஸ்திரிக்கும் தெரியாது. முழுப் பணத்தையும் அட்வான்ஸாகக் கொடுக்காமல், கடைசிப் பங்கைத் தண்ணீர் விட்டுச் சோதித்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.

அப்புறம், மாடிப்படிக்குத் தடுப்பு, அலமாரிக்குப் பூட்டு என்று இப்போதே வாங்கிக் குவிக்க வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் தவழ ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் இரண்டு சம்பளமாவது வந்துவிடும்.