பேட்டி எடுக்கப் போகிறீர்களா? நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்

ஆய்வுக்கோ கட்டுரைக்கோ ஆட்களைச் சந்தித்துத் தகவல் திரட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வேலைக்கான இன்டர்வியூ பற்றி வந்தவற்றைத் தொடவில்லை, அது வேறு கதை.

கேள்வி: அக்கா, என் ஆய்வுக்காக நர்ஸுகளைப் பேட்டி எடுக்கிறேன். 20 கேள்வி எழுதிக்கொண்டு போனாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. எல்லோரும் ஒற்றை வரியில், ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

உங்கள் தாளில் "பொதுவாக", "வழக்கமாக" எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். "பொதுவாக நோயாளி கோபப்பட்டால் என்ன செய்வீர்கள்?" என்றால் யாராக இருந்தாலும் "பொறுமையாக எடுத்துச் சொல்வோம்" என்றுதான் சொல்வார். அது பொய் இல்லை, பயிற்சியில் படித்ததை ஒப்பிக்கிறார், அவ்வளவுதான். அதையே இப்படிக் கேட்டால்:

"கடைசியாக ஒருவர் உங்களிடம் சத்தம் போட்டது எப்போது?"
"நேத்து நைட்டுதான்."
"என்ன ஆச்சு?"
"ஊசி போட லேட்டாயிடுச்சுன்னு கத்தினார்."
"எதனால் லேட்டாச்சு?"
"ரெண்டு வார்டுக்கு நான் ஒருத்திதானே இருந்தேன்!"

பொறுமையைப் பற்றிக் கேட்கப் போய் ஆள் பற்றாக்குறை வெளியே வந்துவிட்டது. இதை வீட்டில் உட்கார்ந்து கேள்வித்தாளில் எழுதியிருக்கவே முடியாது. நடந்த சம்பவத்தைப் பிடித்துக் கேட்பது பழைய முறைதான். ஜான் ஃப்ளானகன் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படைக்காகச் செய்த ஆய்வுகளிலிருந்து இதை வளர்த்தெடுத்து, 1954இல் ஒரு முறையாகவே எழுதி வெளியிட்டார். உங்களுக்கு 20 கேள்வி தேவையில்லை. ஐந்தாறு போதும், மற்றவை அவர் வாயிலிருந்து வருவதை வைத்தே பிறக்கும்.

கேள்வி: அவர் பேசி நிறுத்தியதும் என்ன கேட்பதென்று எனக்குப் பதற்றமாகிவிடுகிறது.

எதுவும் கேட்காதீர்கள். மனதுக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணுங்கள், கண் அவர்மேல் இருக்கட்டும், தாளைப் புரட்ட வேண்டாம். பெரும்பாலும் அவரே "அதுமட்டுமில்ல..." என்று தொடங்குவார், நமக்கு வேண்டியது அங்கேதான் இருக்கும். அப்படியும் பேசவில்லையென்றால் அவர் கடைசியாகச் சொன்ன இரண்டு வார்த்தையைக் கேள்வி மாதிரி திருப்பிச் சொல்லுங்கள்: "தனியா இருந்தீங்களா?" போதும்.

கேள்வி: பதிலை நாமே வாயில் ஊட்டக்கூடாது என்கிறார்கள். ஒரு வார்த்தை மாறினால் அவ்வளவு வித்தியாசம் வருமா மேடம்?

வரும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் செய்த சோதனை இருக்கிறது. கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, ஒரு குழுவிடம் "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்றும், இன்னொரு குழுவிடம் "இடித்தபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார்கள். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் கூடுதலான வேகம் சொன்னார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு வாரம் கழித்து அவர்களையே கூப்பிட்டு "உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?" என்றபோது, நொறுங்கியது குழுவில் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள், இடித்தது குழுவில் 50க்கு 7. படத்தில் கண்ணாடி உடையவே இல்லை! ஆக, நீங்கள் போட்ட வார்த்தை பதிலை மட்டுமல்ல, அவர் நினைவையும் திருத்திவிடலாம். "ரொம்ப கஷ்டமா இருந்திருக்குமே?" என்று அனுதாபத்தோடு கேட்கிறோம் பாருங்கள், அதுவும் இதே ரகம்தான். "எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

கேள்வி: எத்தனை பேரைப் பார்த்தால் போதும்? என் வழிகாட்டி 30 என்கிறார், நண்பன் 12 என்கிறான்.

அந்த 12 எங்கிருந்து வந்தது என்றால், 2006இல் வந்த ஓர் ஆய்விலிருந்து. கானா, நைஜீரியா இரண்டிலும் சேர்த்து 60 பெண்களிடம் எடுத்த பேட்டிகளைத் திரும்ப அலசியபோது, முதல் 12 பேட்டிகளிலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன. ஆனால் அவர்கள் ஓரளவு ஒரே மாதிரியான ஆட்கள், கேட்டதும் ஒரே விஷயம். உங்கள் ஆட்கள் வெவ்வேறு வயது, வெவ்வேறு வேலை என்றால் 12ஐப் பிடித்துத் தொங்காதீர்கள். அடுத்தடுத்து எடுத்தும் புதிதாக எதுவும் வரவில்லையென்றால் நிறுத்தலாம். (வழிகாட்டியோடு சண்டை போட இதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.)

கேள்வி: ரெக்கார்டரைப் பார்த்ததும் ஆள் சுருங்கிவிடுகிறார். தெரியாமல் போனில் பதிவு செய்யலாமா?

கூடாது. எதற்காகப் பதிவு, யார் கேட்பார்கள், பெயர் வருமா வராதா, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதையெல்லாம் முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். ரெக்கார்டரை அவர் கைக்கு எட்டும் இடத்திலேயே வைத்து, "வேண்டாம்னு தோணினா நீங்களே அணைச்சிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் அப்புறம் அதை மறந்தே போவார்கள். பதிவு இருக்கிறதென்று குறிப்பெடுக்காமல் இருக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு வரிக்கு வரி எழுத நாலு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும், எந்த இடத்தில் விஷயம் இருக்கிறதென்று குறிப்புதான் காட்டும். ரெக்கார்டரை அணைத்தபின் வாசல்வரை வந்து ஏதாவது சொல்வார்கள், அதுதான் நல்ல சரக்காக இருக்கும். "இதைப் பயன்படுத்திக்கலாமா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மேலதிகாரி பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

மரியாதைக்கு அந்தப் பேட்டியை முடித்துக்கொள்ளுங்கள். அதை நம்பி எதுவும் எழுதாதீர்கள். வேறொரு நாள், வேறோர் இடத்தில், தனியாகப் பாருங்கள்.

கேள்வி: நாலு வருஷத்துக்கு முந்தைய சம்பவம். "ஞாபகமில்லை" என்கிறார். மறைக்கிறாரா?

சட்டென்று அப்படி முடிவு கட்டாதீர்கள். கண்ணால் கண்ட சாட்சிகளிடம் விசாரிக்க ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கைசல்மன் இருவரும் 1980களில் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. நேராகச் சம்பவத்துக்குப் போகாமல், முதலில் மனதளவில் அந்த இடத்துக்கு அவரைக் கூட்டிப் போங்கள்: எங்கே நின்றிருந்தார், வெளிச்சம் எப்படி, என்ன சத்தம் கேட்டது. சின்ன விஷயம் என்று எதையும் தள்ளாமல் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லுங்கள், நடுவில் குறுக்கிடாதீர்கள். அப்புறம் முடிவிலிருந்து பின்னோக்கிச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் நிஜமாகவே ஞாபகமில்லாமல் இருக்கலாம், விட்டுவிடுங்கள். அழுத்திக் கேட்டால் நம்மைத் திருப்திப்படுத்த ஏதாவது ஒன்றைச் சொல்லிவைப்பார்.

கேள்வி: "எழுதியதும் எனக்குக் காட்ட வேண்டும்" என்று நிபந்தனை போடுகிறார். ஒத்துக்கொள்ளலாமா அக்கா?

ஆய்வு என்றால் காட்டலாம், அவர் சொன்னதைச் சரியாகப் பதிந்திருக்கிறோமா என்று பார்க்க அது உதவும். பத்திரிகைக் கட்டுரை என்றால் பல ஆசிரியர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அவர் சொன்ன வரிகளை மட்டும் போனில் படித்துக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். எதுவானாலும் உட்காருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பேட்டி முடிந்தபின் இந்தப் பேச்சு எழுந்தால் கசப்பில்தான் முடியும்.